ரயிலுக்கும் பாண் ஓட்டோவுக்கும் நடுவில் ஒரு ஸ்டூடியோ: கொழும்பில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்வது எப்படி

இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். ஸ்டூடியோ ஆக்க நினைக்கிற அறையின் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, அதில் உங்கள் போனை வைத்து, ரெக்கோடிங்கைத் தொடங்கிவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். பிறகு ஹெட்ஃபோன் மாட்டி, சத்தத்தை நன்றாகக் கூட்டி, பதிவைக் கேளுங்கள். இனிமேல் எதற்குக் காசு செலவழிக்க வேண்டும், எதற்குத் தேவையில்லை என்பதை அந்த ஐந்து நிமிடமே சொல்லிவிடும்.

நான் அதைச் செய்யவில்லை. என் அறை வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் லேன் ஒன்றில், இரண்டாம் மாடியில் இருக்கிறது. பத்தடிக்குப் பதினோரடி. சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதலில் வாங்கியது நல்லதொரு கண்டென்ஸர் மைக், மெல்லிய சத்தத்தையும் நுணுக்கமாகப் பிடிக்கும் வகை. நண்பன் ஒருவன் தேவாரம் பாட வந்தான், நன்றாகத்தான் பாடினான். இரவு போட்டுக் கேட்டால், அவன் குரலுக்குப் பின்னால் கரையோர ரயில், மேல்வீட்டுத் தண்ணீர் மோட்டார், லேனில் யாரோ ஓட்டோக்காரருடன் காசுக்குச் சண்டை பிடிப்பது எல்லாமே துல்லியமாக விழுந்திருந்தன. சண்டையில் யார் பக்கம் நியாயம் என்றுகூடச் சொல்லிவிடலாம், அவ்வளவு தெளிவு. விலை கூடிய மைக் அறையில் உள்ளதை ஒளிக்காமல் சொல்லும், நல்லதையும் கெட்டதையும்.

அதனால் இங்கே வரிசை கொஞ்சம் வேறு. முதலில் நேரம், அப்புறம் அறை, அப்புறம் மின்சாரம். கடைக்குப் போவது நான்காவதாகத்தான்.

1. அமைதியான நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

ஐந்து நிமிடப் பதிவை ஒரு தரம் செய்தால் போதாது. ஒரு வாரத்துக்கு வெவ்வேறு நேரங்களில் செய்து, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். என் கொப்பியில் இருந்தது இது: விடிய ஐந்து மணிக்குப் பள்ளிவாசல் பாங்கு, தொடர்ந்து காகங்கள், பிறகு முற்றம் கூட்டும் சத்தம். ஆறரை முதல் ஏழரை வரை ஸ்கூல் வேன்கள். எட்டு மணியளவில் பாண் ஓட்டோ, பீத்தோவனின் மெட்டைக் கீச்சுக் குரலில் வாசித்துக்கொண்டு. (இந்த நகரத்தில் பீத்தோவனை யாருக்கும் அறிமுகம் செய்யத் தேவையில்லை, பாண் வாங்கும் எல்லாருக்கும் தெரியும்.) பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு மறுபடி ஹோர்ன். பின்னேரம் ஐந்து முதல் எட்டு வரை காலி வீதி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மிஞ்சியது காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை, இரவு பத்துக்குப் பிறகு கொஞ்சம். இந்த இரண்டரை மணி நேரம் தெரிந்திருப்பதே பெரிய லாபம். கொட்டாஞ்சேனையில், தெஹிவளையில், வத்தளையில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கும், ஆனால் எல்லாருக்கும் இப்படி ஒரு துண்டு நேரம் கிடைக்கும். போயா நாளில் வாகனச் சத்தம் குறைவு என்று நம்பி ஆள் கூப்பிட்டுவிடாதீர்கள், பக்கத்தில் விகாரை இருந்தால் ஒலிபெருக்கி இருக்கும். ஆடிவேல் நாட்களில் எங்கள் பக்கத்தில் ரெக்கோடிங் வைக்கவே கூடாது. அன்றைக்குக் கீழே இறங்கிப் போய் வேல் பார்ப்பதுதான் சரி.

கரையோர ரயிலுக்கு நேர அட்டவணை இருக்கிறது. ரயில்தான் பிந்தும். ரயில் வந்தால் பாடுவதை நிறுத்திவிட்டு, போனதும் அந்த அடியை மறுபடி பாடிவிடுங்கள், அவ்வளவுதான்.

2. அறை: வெளிச்சத்தம் ஒன்று, உள்முழக்கம் வேறொன்று

புதிதாகத் தொடங்கும் எல்லாரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. வெளியிலிருந்து சத்தம் வராமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே பாடும் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து முழங்காமல் செய்வது இன்னொரு வேலை. முதல் வேலைக்குப் பாரமும் ஓட்டையில்லாத அடைப்பும் வேண்டும். இரண்டாவதற்குத் தடிப்பான, காற்றுப் புகக்கூடிய, பஞ்சு போன்ற பொருள் வேண்டும். ஃபோம் ஒட்டினால் பஸ் சத்தம் நிற்காது. மொத்தமான கதவு போட்டால் முழக்கம் போகாது.

கொழும்பு வீடுகளில் வெளிச்சத்தம் பெரும்பாலும் சுவரால் வருவதில்லை. யன்னல் இடுக்கு, கதவுக்குக் கீழ் இடைவெளி, பழைய வீடுகளில் யன்னலுக்கு மேலே காற்றுக்காக விட்டிருக்கும் துவாரங்கள், இவற்றால்தான் வருகிறது. ஒரு சுவரின் பரப்பில் 1 சதவீதம் மட்டும் திறந்திருந்தால்கூட, மீதிச் சுவர் எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. சீமெந்துச் சுவர் தனியே இருந்தால் 40க்கு மேல் தடுக்கும். அதனால் முதல் செலவு ஹார்ட்வெயார் கடையில் விற்கும் ரப்பர் இடுக்குப் பட்டிகளும், கதவின் அடியில் வைக்க ஒரு பழைய சாரத்தைச் சுருட்டியதும். மேல் துவாரங்களுக்கு ஒட்டுப்பலகை வெட்டி, ஓரத்தில் ரப்பர் ஒட்டி, ரெக்கோடிங் நேரத்தில் மட்டும் வைத்து எடுக்கும்படி செய்யுங்கள். நிரந்தரமாக அடைத்தால் இந்தச் சூட்டில் நீங்களும் இருக்க முடியாது, சுவரும் பூஞ்சணம் பிடிக்கும்.

இனி உள்முழக்கம். அறையின் நடுவில் நின்று ஒரு தரம் கை தட்டுங்கள். தட்டிய பிறகு 'ட்ர்ர்ங்' என்று ஒரு உலோக நடுக்கம் கேட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் வெறுமையாக இருக்கின்றன என்று அர்த்தம். டைல்ஸ் தரை, சீமெந்துச் சுவர், கண்ணாடி யன்னல் உள்ள நம் அறைகள் எல்லாம் இப்படித்தான்.

முட்டைத் தட்டு ஒட்டாதீர்கள். அது மெல்லிய கடதாசி, எதையும் உறிஞ்சாது, ஆனால் தீ பட்டால் நொடியில் பற்றும். ஒரு அங்குலப் பிரமிட் ஃபோமும் ஏறத்தாழ வீண்செலவுதான். அது மேல்ஸ்தாயிக் கூர்மையை மட்டும் விழுங்கி, அடிக்குரல் முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். அறை மூக்கடைத்த மாதிரி ஆகிவிடும்.

நம்மிடம் அதைவிட நல்ல பொருள் இருக்கிறது: தும்பு மெத்தை. நாலு அங்குலத் தும்பு மெத்தை ஒன்றை எடுத்து, அதன் பிளாஸ்டிக் உறை இருந்தால் கழற்றிவிட்டு, துணி உறையோடு நிமிர்த்தி வையுங்கள். சுவரோடு ஒட்டாமல் நாலு அங்குலம் முன்னால் தள்ளி வைத்தால் இன்னும் கீழ்ச்சத்தத்தையும் பிடிக்கும், சுவருக்கும் காற்றோட்டம் இருக்கும். இலவம்பஞ்சு மெத்தையும் நல்லதுதான், ஆனால் நிமிர்த்தினால் பஞ்சு கீழே இறங்கிவிடும், நடுவில் இரண்டு மூன்று தையல் போட வேண்டும். துணி நிறைந்த அலுமாரி இருந்தால் கதவைத் திறந்து விடுங்கள், அதுவும் இலவச உறிஞ்சி.

எங்கே வைப்பது? எல்லாரும் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். பாடுவதற்குப் பயன்படும் மைக்குகள் முன்பக்கத்தைத்தான் அதிகம் கேட்கும். அதன் முன்பக்கத்தில் இருப்பது பாடுபவரின் முகம், அவருக்குப் பின்னால் இருக்கும் சுவர். ஆகவே முதல் மெத்தை பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். இரண்டாவது மெத்தை கிடைத்தால் பக்கவாட்டில். மைக்கின் முதுகு, சத்தம் வரும் யன்னலைப் பார்க்கட்டும். இந்த ஒரு திருப்பத்தால் என் பதிவில் ரயில் பாதியாகக் குறைந்தது, ஐந்து சதம் செலவில்லை.

3. மின்சாரம்

நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பதிவில் 'ம்ம்ம்' என்று அடியில் ஓடும் இரைச்சல் பெரும்பாலும் இந்த 50 அல்லது அதன் இரட்டை 100. காரணம் கண்டுபிடிக்க ஒழுங்கு இருக்கிறது. முதலில் லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி அதுதான், பட்டரியில் பதிவு செய்யுங்கள். போகவில்லையா, ஃபேன் ரெகுலேட்டரையும் வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் சுவிட்சையும் முழுதாக நிறுத்திப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பொயின்ட்டிலிருந்து, ஒரு நல்ல மல்டி பிளக் வழியாக எடுங்கள். வெவ்வேறு பொயின்ட்டுகளில் செருகினால் எர்த் வழியே ஒரு வளையம் உருவாகி இரையும்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறது என்றால், அந்தத் தடத்தில் எர்த் சரியில்லாமல் இருக்கலாம். பழைய வீடுகளில் உருண்டை முள் பொயின்ட் இருக்கும், இன்றைய சதுர முள் பிளக்கை அடப்டர் போட்டுச் செருகுவோம். அந்த அடப்டரில் எர்த் தொடர்பு கிடைக்காமல் போவது சாதாரணம். ஒருமுறை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் முள்ளை வெட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளை ஸ்டூடியோ பக்கம் விடாதீர்கள். மைக்கில் உதடு வைத்துப் பாடுபவருக்கு ஷொக் அடிக்கும்.

பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி கொழும்பில் வழக்கம். வானம் கறுத்தால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்றுங்கள். இன்டர்நெட் ரவுட்டர் வயரையும் சேர்த்து.

2022இல் கரண்ட் இல்லாத நாட்கள் நினைவிருக்கும், ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம்வரை போனது. அந்தக் காலத்தில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கரண்ட் போன முதல் சில நிமிடங்களில் ஃபேன் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, மோட்டார் இல்லை, ஏசி இல்லை. அவ்வளவு சுத்தமான அமைதியை என் அறை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. லப்டொப் பட்டரியிலும் யூ.எஸ்.பி. இன்டர்ஃபேஸிலும் இரண்டு பாட்டு முழுதாக எடுத்தேன். மூன்றாவது பாட்டின் பல்லவியில் முன்மாடி ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆனது.

4. இனிக் கடைக்குப் போகலாம்

வாங்கும் வரிசை: ஹெட்ஃபோன், ஒடியோ இன்டர்ஃபேஸ், மைக், ஸ்டாண்ட், கேபிள். ஸ்பீக்கர் கடைசி.

ஹெட்ஃபோன் காதை முழுதாக மூடும் மூடிய வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதில் கேட்கும் தாளம் மைக்கில் கசியும். சோனி எம்.டி.ஆர்.-7506 பல வருடங்களாக ஸ்டூடியோக்களில் ஓடுகிறது, ஒடியோ-டெக்னிக்காவின் எம்40எக்ஸும் நல்லது. புளூடூத் வேண்டாம். பாடிய பிறகு சிறிது தாமதித்துத்தான் காதுக்கு வரும், பாடுபவர் தாளம் தவறுவார்.

இன்டர்ஃபேஸ் என்பது மைக்கின் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கி, கொம்பியூட்டருக்குப் புரியும் எண்ணாக்கும் பெட்டி. தனியே பாடுபவருக்கு ஒரு மைக் வழி போதும். ஆனால் மிருதங்கமோ வீணையோ கிட்டாரோ எப்போதாவது வரும் என்றால் இரண்டு வழியுள்ளதை வாங்குங்கள், ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்றது. பெட்டியில் '48 வோல்ட்' பட்டன் இருக்கிறதா பாருங்கள், கண்டென்ஸர் மைக்குக்கு அது வேண்டும்.

மைக் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. கொழும்பில், தெரு ஓரத்து அறையில், முதல் மைக் டைனமிக்காக இருக்கட்டும், கிட்ட இருக்கும் உரத்த சத்தத்தை மட்டும் நன்றாகப் பிடிக்கும் வகை. 1966 முதல் விற்கப்படும் ஷூர் எஸ்.எம்.58 மேடைகளில் பேர்பெற்றது, பக்கத்துச் சத்தத்தை அதிகம் பொருட்படுத்தாது. இதற்கு இன்டர்ஃபேஸில் கெய்ன், அதாவது மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் அளவு, கொஞ்சம் அதிகம் வேண்டும், 55 முதல் 60 டெசிபல் வரை கொடுக்கும் பெட்டியாகப் பாருங்கள். பிறகு அறை அடங்கியதும், அமைதியான நேரமும் உங்களிடம் இருந்தால், ஏ.டி.2020 போன்ற கண்டென்ஸருக்குப் போகலாம். வீணை, வயலின் போன்ற மெல்லிய வாத்தியங்களுக்கு அதுதான் அழகு.

எஸ்.எம்.58க்குப் போலிகள் உலகம் முழுக்க உண்டு. உண்மையானது 298 கிராம். சின்னத் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. நான் ஒருமுறை அரைவிலைக்குக் கிடைக்கிறதென்று சந்தோஷமாக வாங்கி வந்தது 230 கிராம்தான் இருந்தது. அதை இப்போது கதவு மூடாமலிருக்க வைத்திருக்கிறேன்.

லப்டொப், எஸ்.எஸ்.டி., யூ.எஸ்.பி. கேபிள் வகைகளுக்குப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா. வயர், கனெக்டர், சின்னச் சாமான்களுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. பயன்படுத்திய சாமான் வாங்குவதானால், கடலோரத்தில் இருந்தவர்களிடமிருந்து வரும் பொருளைக் கூடக் கவனித்துப் பாருங்கள்: செருகும் துளைகளில் பச்சைக் கறை இருந்தால் உப்புக்காற்று தின்றிருக்கிறது. மைக்கின் வலையைக் கழற்றி மணந்து பாருங்கள், பூஞ்சண வாடை வந்தால் விட்டுவிடுங்கள்.

கனடாவிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லி அனுப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யூ.எஸ்.பி.யில் ஓடும் இன்டர்ஃபேஸும் மைக்கும் எங்கிருந்து வந்தாலும் சரி. ஆனால் அங்கே விற்கும் ஸ்பீக்கர்கள் பல 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. இங்கே செருகினால் ஒரு புகை, அவ்வளவுதான். பின்புறத்து ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

சொஃப்ட்வெயாருக்கு முதலில் காசு வேண்டாம். மெக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் ரீப்பர் 60 நாள் முழுதாகப் பரீட்சித்துப் பார்க்கலாம், பழைய லப்டொப்பிலும் ஓடும். ஒரே ஒரு குரலைப் பதிவு செய்து வெட்டி ஒட்ட ஒடாசிட்டியே போதும்.

5. எண்களைச் சரிசெய்தல்

விண்டோஸ்காரர்கள் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் ஏசியோ ட்ரைவரை (பெட்டியையும் லப்டொப்பையும் அதிகம் தாமதமில்லாமல் இணைக்கும் மென்பொருள்) முதலில் போடுங்கள். பிறகு பதிவின் தரத்தை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். ஒரு நிமிட மோனோப் பதிவு ஏறத்தாழ 8.6 மெகாபைட் பிடிக்கும், ஒரு மணி நேரத்துக்கு 500 மெகாபைட்டுக்குச் சற்று மேல். ஆகவே இடம் ஒரு பிரச்சினையில்லை, ஆனால் அன்றன்றைக்கே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள்.

பஃபர் என்ற எண்ணை (லப்டொப் ஒரு தரத்தில் கையாளும் ஒலித்துண்டின் அளவு, கூடினால் தாமதமும் கூடும்) பதிவு நேரத்தில் 128 ஆக வையுங்கள். 128ஐ 48,000ஆல் வகுத்தால் 2.7 மில்லிசெக்கன், போய்த் திரும்பும் வழியில் இன்னும் கொஞ்சம் சேரும், காதுக்குப் பெரிதாகத் தெரியாது. லப்டொப் திணறி 'டிக் டிக்' என்றால் 256 ஆக்குங்கள். எடிட் செய்யும்போது 1024 வரை கூட்டிவிடலாம்.

கெய்ன் வைக்கும்போது பாடுபவரை அவரது பாட்டின் மிக உரத்த அடியைப் பாடச் சொல்லுங்கள். 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்ல வைத்துக் கெய்ன் வைத்தால் மேல்ஸ்தாயி வந்ததும் கிழியும். உரத்த இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6க்கும் இடையில் நின்றால் போதும். சிவப்பு எரியக் கூடாது. குறைவாகப் பதிவானதைப் பிறகு கூட்டலாம், கிழிந்ததைத் தைக்க முடியாது.

6. முதல் பதிவு

சங்கீதம் படிக்கும் பிள்ளை ஒன்று, பரீட்சைக்கு அனுப்ப ஒரு கீர்த்தனை பதிவு செய்ய வந்தது. காலை பத்தரை. யன்னலை மூடி, துவாரங்களை அடைத்து, ஃபேனை நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் அறை இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணா, ஃபேனைக் கொஞ்சம் போடலாமா?"

"சரணம் முடியட்டும் அம்மா, போடுவம்."

போட்டேன், ஐந்து நிமிடம் இளைப்பாறிவிட்டு மறுபடி நிறுத்தினேன். இதுதான் நடைமுறை: பத்து நிமிடம் பதிவு, ஐந்து நிமிடம் காற்று. முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் எடுக்க நினைத்தால் பாடுபவர் களைத்துவிடுவார், குரலில் அது கேட்கும். ஏசி இருப்பவர்கள் முதலே அறையைக் குளிராக்கிவிட்டு, பதிவின்போது நிறுத்துங்கள்.

அன்றைக்கு முதல் பதிவில் குரல் எங்கோ தூரத்தில் இருந்து வந்தது போலிருந்தது. வெட்கத்தில் பிள்ளை மைக்கைவிட்டு ஒன்றரை அடி தள்ளி நின்றது. மைக் ஸ்டாண்டை அரை அடிக்கு நகர்த்தினேன். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், அறையின் முழக்கமும் தெருச் சத்தமும் இருந்த அளவிலேயே இருக்கும். ஆகவே கிட்ட வருவதே மிக மலிவான ஒலித்தடுப்பு. மிகக் கிட்ட வந்தால் அடிக்குரல் வீங்கும், 'ப்ப' வரும் இடமெல்லாம் 'தொம்' என்று மோதும். ஆறு முதல் எட்டு அங்குலம், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கமாகத் திருப்பி, இதுதான் என் கணக்கு. நடுவில் ஒரு பொப் ஃபில்டர். வாங்க வேண்டியதில்லை, பூவேலைச் சட்டத்தில் பழைய நைலோன் காலுறையை இழுத்துக் கட்டினால் அதே வேலை செய்யும்.

சுருதியை மைக்குக்குப் பக்கத்தில் போனில் ஓட விடாதீர்கள். அது குரலோடு சேர்ந்து பதிவாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது. ஹெட்ஃபோனில் கொடுங்கள், ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு பாடச் சொல்லுங்கள். தம்புரா ஆப்பில் அடிச் சுருதியை 440 கணக்கில் (ஏ ஸ்வரம் 440 ஹேர்ட்ஸ் என்ற அளவில்) துல்லியமாக வைப்பது முக்கியம். 'அஞ்சரைக் கட்டைக்குக் கொஞ்சம் மேல' என்று காதால் வைத்துப் பாடிவிட்டால், நாளைக்குக் கீபோட் சேர்க்க நினைக்கும்போது எதோடும் சேராது.

மிருதங்கம் வந்தால் ஒரே மைக்கால் தொடங்குங்கள். வாசிப்பவருக்கு முன்னால், வாத்திய உயரத்தில், ஒன்றரை முதல் இரண்டடி தூரத்தில், சற்று வலந்தலை (வலது கை வாசிக்கும் முகம்) பக்கம் சாய்த்து. தொப்பியின், அதாவது இடது முகத்தின், கும்கி என்ற அடிநாதம் குறைவாகக் கேட்டால் ஒரு சாண் அந்தப் பக்கம் நகர்த்துங்கள். இரண்டு மைக் வைத்தால் இரு பக்கமும் ஒவ்வொன்று, அரை அடியில். அப்போது மென்பொருளில் ஒரு தடத்தின் போலாரிட்டியை (ஒலி அலையை மேல்கீழாகப் புரட்டும் பட்டன்) திருப்பிக் கேளுங்கள், எந்த நிலையில் தொப்பி நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தோல் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். மழை நாளில் சுருதி இறங்கும், ஏசி போட்டால் ஏறும். ஒரு பாட்டின் பாதியை ஏசியிலும் மீதியை ஏசி இல்லாமலும் எடுக்காதீர்கள். வித்துவான் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதைப் பார்த்துக்கொண்டே உங்கள் இரண்டரை மணி நேரம் போய்விடும்.

நாதஸ்வரம், தவில் இரண்டையும் பத்தடி அறைக்குள் கூப்பிட வேண்டாம். மண்டபத்தில் எடுங்கள்.

7. ஸ்பீக்கர், மிக்ஸிங், பக்கத்து வீடு

ஸ்பீக்கரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சின்ன அறை அடிச்சத்தத்தில் பொய் சொல்லும். கணக்கு எளிது: நம் வெப்பநிலையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,145 அடி போகிறது. அதை அறையின் நீளத்தின் இரட்டையால் வகுங்கள். என் அறையில் பதினோரடிக்கு 52 ஹேர்ட்ஸ், பத்தடிக்கு 57, ஒன்பதடி உயரத்துக்கு 64. இந்த மூன்று ஸ்வரங்களும் அறையின் சில இடங்களில் முழங்கும், சில இடங்களில் காணாமலே போகும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தி 55. கதிரையை ஒரு முழம் நகர்த்தினால் அந்தத் தந்தி வேறு வாத்தியமாகிவிடும். அதனால்தான் என் முதல் மிக்ஸ் மாமாவின் காரில் பேஸே இல்லாமல் கேட்டது.

யமஹா எச்.எஸ்.5 போன்ற சிறியது இந்த அளவு அறைக்குப் போதும், பெரியது வாங்கினால் தொல்லைதான் பெரிதாகும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஒரே அளவு முக்கோணத்தில் இருக்கட்டும், ட்வீட்டர் (மேல்ஸ்தாயிச் சத்தம் வரும் சின்ன வட்டம்) காது மட்டத்தில். மூலையில் வைக்காதீர்கள். நீங்கள் இருக்கும் இடம் முன்சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 சதவீதம் அளவில் தொடங்கிப் பாருங்கள், நட்டநடுவில் மட்டும் இருக்காதீர்கள். பிறகு நண்பர் ஒருவரிடம் முகம்பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, பக்கச் சுவரோடு நகர்த்தச் சொல்லுங்கள். உங்கள் கதிரையிலிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் ஒரு தும்பு மெத்தைத் துண்டு. இரு பக்கமும் அப்படியே.

முடித்த பாட்டை போனில், காரில், யாராவது வீட்டு டிவியில் கேளுங்கள். யூடியூபும் ஸ்பொட்டிஃபையும் உரத்த பாட்டுகளை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (முழுப் பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கிவிடும், ஆகவே மற்றவர்களைவிடச் சத்தமாக்க வேண்டுமென்று நசுக்கி லாபமில்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள்.

ஒருநாள் படியில் கீழ்வீட்டு ஆன்ட்டி மறித்தார். "தம்பி, ராத்திரி ஒரு மணிக்கும் எங்கட சீலிங்குக்குள்ள ஏதோ டொம் டொம் எண்டு கேக்குது. பேய் எண்டு இவர் சொல்றார்." பாட்டுச் சத்தம் அவருக்குக் கேட்கவேயில்லை, அடிச்சத்தம் மட்டும் மேசைக்கால் வழியாகத் தளத்தில் இறங்கியிருந்தது. ஸ்பீக்கருக்குக் கீழே தடித்த ரப்பர் துண்டுகள் வைத்தேன், பத்து மணிக்குப் பிறகு ஹெட்ஃபோன் மட்டும் என்று ஒப்புக்கொண்டேன். ஸ்பீக்கர் வாங்கிய அன்றைக்கே கீழ்வீட்டுக் கதவைத் தட்டி உங்கள் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். பதிலுக்கு அவர்கள் தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளலாம்.

8. ஈரமும் உப்பும்

கடலுக்குப் பக்கத்தில் சாமான் சாவது பாவனையால் குறைவு, காற்றால்தான் அதிகம். கண்டென்ஸர் மைக்கை வேலை முடிந்ததும் ஸ்டாண்டில் விடாமல், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்து முடித்துவிட்டன, மெல்லிய சூட்டில் காயவைத்து மறுபடி போடலாம். அரிசி போடுவது வேண்டாம், மாவுத்தூள் மைக்குக்குள் போகும். ஏசி அறையிலிருந்து எடுத்த மைக்கை உடனே வெளியே திறக்காதீர்கள், கண்ணாடியில் பனி படிவதுபோல உள்ளே நீர் படியும். அரை மணி நேரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். கேபிள் முனைகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொன்டாக்ட் கிளீனரால் துடையுங்கள்.

ஆறு மாதம் போனதும் எல்லாருக்கும் அடுத்த மைக் ஆசை வரும். அந்த நேரம், முதல் வாரத்தில் எடுத்த ஐந்து நிமிடப் பதிவை அதே போனில், அதே கதிரையில், அதே நேரத்தில் இன்னொரு தரம் எடுத்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பெரிய வித்தியாசம் இல்லையென்றால் அந்தக் காசுக்கு இன்னும் இரண்டு மெத்தையும் ஒரு நல்ல கதவும். வித்தியாசம் நன்றாகத் தெரிந்தால் கண்டென்ஸரை வாங்குங்கள். பழைய டைனமிக்கை மட்டும் விற்றுவிடாதீர்கள், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்கு அது வேண்டும்.